சிங்கத்துக்குக் கணக்கு எழுதியவன்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி வனவிலங்குப் பூங்கா பற்றி எழுதியதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வன அதிகாரி இல்லை, விலங்கு மருத்துவரும் இல்லை. தான்சானியாவில் அருஷா என்கிற ஊரில், ஒரு சஃபாரி கம்பெனியில் பதினேழு வருஷம் கணக்கு எழுதியவன். சிங்கத்தை நேரில் பார்த்ததைவிட வவுச்சரில் பார்த்ததுதான் அதிகம். அந்தக் கண்ணோடுதான் பதில் சொல்ல முடியும்.

சிங்கத்தை ரொம்பப் பக்கத்தில் பார்த்தது எப்போது அண்ணாச்சி? பயமாக இல்லையா?
– வாசகர், மதுரை

வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஒரு சிங்கத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஆபீஸ் அருஷா மணிக்கூண்டுக்குப் பக்கத்தில். ஜன்னலைத் திறந்தால் மேரு மலை, கீழே டாலா டாலா வேன்களின் ஹாரன். அவ்வளவுதான் என் ஆப்பிரிக்கா.

மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் டீசல் கணக்கைச் சரிபார்க்க ந்துது முகாமுக்கு அனுப்பினார்கள். செரெங்கெட்டிச் சமவெளியின் தெற்கு ஓரம் அது. அந்த மாசங்களில் வைல்டபீஸ்ட் என்கிற பெரிய மான் மந்தை லட்சக்கணக்கில் வந்து அங்கேதான் கன்று ஈனும். பிற்பகல் மூன்று மணி, வெட்டவெளி, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. வண்டியை நிறுத்தி ஏதோ பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பெண் சிங்கங்கள் புல்லுக்குள்ளிருந்து எழுந்து, நேராக வந்து, எங்கள் லேண்ட் க்ரூசரின் நிழலில் படுத்துவிட்டன. ஒன்று பின் சக்கரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டது.

டிரைவர் சாவியைத் தொடவில்லை. “சுபிரி” என்றார். பொறு என்று அர்த்தம். ஒன்றே முக்கால் மணி நேரம் பொறுத்தோம். அதுகள் மூச்சு விடுவது கேட்கிறது. ஈ மொய்க்கிறது. கழுவாத கறிக்கடை வாடை. பயம் முதல் கால் மணி நேரம்தான். அதற்கப்புறம் ஒன்றுக்குப் போக வேண்டுமே என்பதுதான் என் ஒரே கவலை.

அதுவரை டிரைவர்களின் டிரிப் ஷீட்டில் ‘தாமதம்: சிம்பா’ என்று இருந்தால் சிவப்பு மையில் கேள்விக்குறி போடுவேன். அதற்குப் பிறகு போட்டதில்லை.

கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் சிங்கத்துக்கு ‘சிம்பா’ என்று பெயராமே. சமஸ்கிருத ‘சிம்ஹ’ கப்பலேறிப் போயிருக்குமோ?
– தமிழாசிரியர், தஞ்சாவூர்

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இல்லை. ஜிம்பாப்வேயில் ஷோனா பேசுகிறவர்கள் சிங்கத்தை ‘ஷும்பா’ என்கிறார்கள். ஸூலுவில் ‘இன்சிம்பா’ என்றால் புனுகுப்பூனை மாதிரி ஒரு சின்ன விலங்கு. கடற்கரையிலிருந்து எவ்வளவோ தள்ளி, தெற்குக் கோடி வரைக்கும் சுவாஹிலியின் குடும்பத்து மொழிகளில் வேர் பரவியிருக்கிறது. கப்பலில் வந்த சொல் இப்படிப் பரவாது. தற்செயல் ஒற்றுமைதான்.

கடலோடு வந்த சொல் வேண்டுமானால் ‘சஃபாரி’யை எடுத்துக்கொள்ளுங்கள். அரபியில் ‘சஃபர்’ என்றால் பயணம். சுவாஹிலியில் பஸ் ஏறி மாமியார் வீட்டுக்குப் போவதும் சஃபாரிதான். நம்மூரில் அது எண்பதுகளில் எல்.ஐ.சி. ஏஜெண்டுகள் போட்ட சட்டைக்குப் பெயராக இருந்தது.

காங்கயம் மாடு வளர்க்கிற குடும்பம் நாங்கள். வேலி போட்ட மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் மாட்டை விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவோம். சிங்கம் திரிகிற இடத்தில் மாடு வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்?
– வாசகர், காங்கயம்

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் மற்றதை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தேன். சிங்கம் பிழைக்குமா என்று ஆயிரம் பேர் கேட்கிறார்கள். பக்கத்தில் மாடு வைத்திருப்பவன் என்ன செய்வான் என்று கேட்பவர்கள் குறைவு.

அங்கே மாடு மேய்க்கிற மசாய் மக்களின் பட்டிக்கு ‘போமா’ என்று பெயர். முள்மரக் கிளைகளை வெட்டி வட்டமாகப் போட்டிருப்பார்கள். ராத்திரி மாடு உள்ளே. சிங்கம் வேலியைத் தாண்டிக் குதித்து மாட்டைத் தூக்கிப்போகும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படியும் நடக்கும். ஆனால் பல நேரம் அது வெளியே சுற்றி வந்தாலே போதும். வாடை பட்டதும் மாடுகள் மிரண்டு, வேலியை மோதி உடைத்துக்கொண்டு, தாமாகவே இருட்டுக்குள் ஓடும். மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் சிங்கத்தைத் தடுப்பது பாதி வேலைதான். மாட்டை உள்ளே நிறுத்துவது மீதிப் பாதி.

தாரங்கிரே பூங்காவுக்குக் கிழக்கே மசாய் புல்வெளியில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். கம்பி வலையை இழுத்துக் கட்டுகிறார்கள். கட்டுவதற்கு நடுவது செத்த கம்பம் இல்லை, உயிருள்ள போத்து. ஒடித்து நட்டால் துளிர்க்கிற மரம். செத்த கம்பத்தைக் கரையான் தின்றுவிடும். இது வருஷத்துக்கு வருஷம் தடிக்கும். ‘உயிர்ச் சுவர்’ என்று பெயர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட போமாக்களுக்கு இப்படிக் கட்டியாகிவிட்டது. நான் பார்க்கப் போனபோது அந்தப் போத்தைக் கீறி முகர்ந்து பார்த்தேன். பிசின் வாடை. காங்கயத்துக்காரர் கண்டுபிடித்திருப்பீர்கள். உங்கள் கொறங்காட்டு வேலியில் நிற்கிற கிளுவையேதான், அல்லது அதன் தங்கை. தாவரவியலில் இரண்டும் காமிஃபோரா என்கிற ஒரே பேரினம். உங்கள் தாத்தாவும் அந்த மசாய்த் தாத்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. மாட்டுக்கு எது நல்ல வேலி என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே முடிவு.

பகலில் மேய்ச்சல். பள்ளிக்கூடம் போகிற வயதுப் பையன்கள்தான் பெரும்பாலும் ஓட்டிப்போவார்கள். சாயங்காலம் எண்ணும்போது ஒன்று குறையும். காட்டிலேயே தங்கிவிட்ட அந்த ஒன்றுதான் அன்றைக்குச் சிங்கத்துக்கு. இங்கேதான் சிங்கக் காவலர்கள் வருகிறார்கள். செரெங்கெட்டியை ஒட்டிய ந்கோரோங்கோரோ பக்கம் இவர்களை ‘இல்சொகூட்டி’ என்பார்கள். அந்தந்த ஊர் மசாய் இளைஞர்கள், மாசச் சம்பளம். சிங்கம் எங்கே படுத்திருக்கிறது என்று தடம் பார்த்து, இன்றைக்கு அந்தப் பக்கம் ஓட்டாதே என்று மேய்ப்பவர்களுக்குச் சொல்வார்கள். தொலைந்த மாட்டைத் தேடிப் பிடிப்பார்கள். கென்யாவில் அம்போசெலி பக்கம் 2007-இல் தொடங்கிய ‘லயன் கார்டியன்ஸ்’ இதற்கு முன்னோடி. ஈட்டியால் சிங்கத்தைக் குத்திப் பேர் வாங்கிய வாலிபர்களையே காவலுக்கு வைத்தார்கள். ஒவ்வொரு சிங்கத்துக்கும் அவர்களே மசாய் மொழியில் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த பிறகு குத்தக் கை வருவது கஷ்டம்தானே.

ஈட்டியைவிடப் பெரிய எமன் ஒன்று உண்டு. அது உங்கள் ஊர் உரக்கடையிலும் இருந்ததுதான்: ஃபியூரடான். நெல்லுக்கும் வாழைக்கும் போடுகிற பூச்சிமருந்துக் குருணை. சிங்கம் அடித்த மாட்டின் மிச்சத்தில் ஒரு கைப்பிடி தூவினால் போதும், மறுபடி தின்ன வருகிற சிங்கம், கழுதைப்புலி, நரி எல்லாம் அங்கேயே விழும். கழுகுகள் கூட்டமாக இறங்கிக் கூட்டமாகச் சாகும். 2015 டிசம்பரில் கென்யாவின் மசாய் மாராவில், தொலைக்காட்சியில் உலகமே பார்த்த ‘மார்ஷ்’ கூட்டத்துச் சிங்கங்களுக்கு இப்படித்தான் விஷம் வைத்தார்கள். ‘பிபி’ என்கிற பதினேழு வயதுக் கிழவி அதில் போனாள். ஈட்டி வேட்டைக்குத் தைரியம் வேண்டும், பத்துப் பேர் வேண்டும். குருணைக்கு ஒரு ஆள், ஒரு ராத்திரி போதும்.

சஃபாரி ஏன் இவ்வளவு விலை? அந்தப் பணம் யாருக்குப் போகிறது?
– வாசகி, சேலம்

என் தொழிலுக்கு வந்துவிட்டீர்கள். கணவன் மனைவி இரண்டு பேர், செரெங்கெட்டியில் மூன்று நாள், ந்கோரோங்கோரோவில் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செரெங்கெட்டி நுழைவு வெளிநாட்டவர் ஒருவருக்கு 24 மணி நேரத்துக்கு 70 டாலர். வரி 18 சதவீதம் சேர்த்து 82.60. இரண்டு பேருக்கு மூன்று நாளைக்கு 495.60. ந்கோரோங்கோரோ ஒருவருக்கு வரியோடு 70.80, இரண்டு பேருக்கு 141.60. அங்கே எரிமலைக் கிண்ணத்துக்குள் வண்டி இறங்க, ஒரு தடவைக்கு 295. ஆகக் கூடுதல் 932.20 டாலர். முக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல். இன்னும் படுக்கை, சாப்பாடு, டீசல், டிரைவர் எதுவும் சேரவில்லை. பூங்காவுக்குள் ராத்திரி தங்க வேறு தனிக் கட்டணம். (இவை ஜூலை வாக்கில் மாறும். கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.) அந்த 18 சதவீதம் 2016 ஜூலை 1-ஆம் தேதி வந்தது. வருஷத்துக்கு முன்பே விலை சொல்லி முன்பணம் வாங்கியிருந்தோம். அந்த ஜூலையில் நான் தூங்கியது கொஞ்சம்தான்.

நுழைவுக் கட்டணம் அரசாங்கத்துக்கு. அதில் ரேஞ்சர் சம்பளம், ரோடு, ரோந்து. செரெங்கெட்டி, கிளிமாஞ்சாரோ மாதிரி நாலைந்து பூங்காக்கள் சம்பாதிப்பதில்தான் சுற்றுலாக்காரர் எட்டிப்பார்க்காத மற்றப் பூங்காக்களும் ஓடுகின்றன. ஆகவே கட்டணத்துக்காக யாரும் வருத்தப்பட வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு. நீங்கள் தங்குகிற முகாம் யார் நிலத்தில் இருக்கிறது? நிலத்துக்காரனுக்கு வாடகை போகிறதா? கென்யாவில் மசாய் மாராவை ஒட்டி நபோய்ஷோ, ஒலாரே மோட்டோரோகி என்று தனிக் காப்பிடங்கள் இருக்கின்றன. மசாய்க் குடும்பங்கள் தங்கள் பட்டா நிலத்தைச் சேர்த்து முகாம்களுக்குக் குத்தகை விட்டு, மாசாமாசம் பணம் வாங்குகிறார்கள். விலை கூட. ஆனால் வண்டி நெரிசல் கிடையாது. கடன் வாங்கிப் போகாதீர்கள். போவதாக இருந்தால் இரண்டு நாளைக் குறைத்துக்கொண்டு இந்த மாதிரி இடத்துக்குப் போங்கள் என்பேன்.

டிரைவருக்கு டிப்ஸ் கொடுப்பதில் நம்மவர்களுக்குக் கை நடுங்கும். ஒரு வண்டிக்கு நாளைக்கு 20 டாலராவது கொடுங்கள். ஆபீஸில் நம் பெயர் கெட்டு, நான் பட்ட பாடு போதும்.

வேட்டைக்காரர்கள் லட்சம் லட்சமாகக் கொடுக்கிறார்களாம், அந்தப் பணம்தான் சிங்கத்தைக் காப்பாற்றுகிறதாம். இது என்ன நியாயம்?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

2015 ஜூலையில் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவுக்கு வெளியே செசில் என்கிற சிங்கத்தை ஓர் அமெரிக்கப் பல் டாக்டர் கொன்றது உங்களுக்கு நினைவிருக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் கழுத்தில் பட்டை போட்டிருந்தார்கள். எனக்கும் வயிறு எரிந்தது. ஒரு மிருகத்தைச் சுட்டுவிட்டு அதன் பக்கத்தில் சிரித்துக்கொண்டு படம் எடுப்பவனோடு உட்கார்ந்து டீ குடிக்க என்னால் ஆகாது.

ஆனால் தான்சானியாவில் வேட்டைக்கு ஒதுக்கிய நிலம் தேசியப் பூங்காக்களைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தது. ட்செட்செ என்கிற கடி ஈ மொய்க்கிற புதர்க்காடு. கேமராக்காரன் அங்கே வரமாட்டான். வேட்டைக்காரனும் வராமல் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அங்கே வந்தது என்ன? கரி மூட்டையும் மாட்டு மந்தையும். கென்யா 1977-லேயே வேட்டையைத் தடை செய்தது. அங்கேயும் சிங்கம் குறைந்துதான் போனது. தடை வேண்டாம் என்று சொல்லவில்லை. தடை போடுகிறவர், அந்த நிலத்துக்கு நாளைக்கு யார் காசு கொடுப்பது என்பதையும் சேர்த்து எழுதட்டும்.

தான்சானியாவில் ஆறு வயது ஆகாத ஆண் சிங்கத்தைச் சுடக்கூடாது என்று விதி. அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. கூட்டத்துக்குக் காவலான ஆண் போனால், புதிதாக வருகிற ஆண் பழைய குட்டிகளைக் கொன்றுபோடும். அப்போதுதான் தாய்கள் மறுபடி சினைக்கு வரும். ஒரு குண்டில் சாவது ஒன்றோடு நிற்காது. வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூக்கைப் பார்க்க வேண்டும். குட்டியில் இளஞ்சிவப்பு, வயது ஏற ஏறக் கரும்புள்ளி விழுந்து, பாதிக்கு மேல் கறுத்துவிடும்.

தென்னாப்பிரிக்காவில் சிங்கக்குட்டியை மடியில் வைத்துப் பால் கொடுக்கலாமாம். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.
– வாசகி, சென்னை

வேண்டாம் அம்மா. அந்தக் குட்டியைத் தாயிடமிருந்து சில நாளிலேயே பிரித்திருப்பார்கள், தாய் சீக்கிரம் அடுத்த ஈற்றுக்கு வரட்டும் என்று. வளர்ந்த பிறகு கொஞ்ச முடியாது. வேலி போட்ட காட்டுக்குள் விட்டுக் காசு வாங்கிக்கொண்டு சுடவிடுவதும், எலும்பைக் கிழக்காசியாவுக்கு விற்பதும் அந்த வியாபாரத்தின் மறுபக்கம். அங்கே இப்படிக் கூண்டில் இருப்பவை சுமார் 8,000. அந்நாட்டுக் காட்டுச் சிங்கங்களைவிட அதிகம். இந்தத் தொழிலைப் படிப்படியாக மூடப்போவதாக அரசாங்கமே சொல்லியிருக்கிறது. பிள்ளைகளுக்கு வண்டியில் இருந்தே காட்டுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? ஊசி எதுவும் போட வேண்டுமா?
– வாசகர், திருச்சி

கிடைக்கும். முகாம் சமையல்காரர்களுக்கு இந்தியர்கள் பழக்கம். சப்பாத்தி அங்கே ஊர்ச் சாப்பாடு. பருப்புப்பொடி ஒரு பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் நாள் தேடும். மஞ்சள் காய்ச்சல் ஊசி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுவார்கள். கிளம்பப் பத்து நாளாவது இருக்கும்போதே போட்டுவிடுங்கள். கென்யா போய்த் திரும்பும்போது அந்த அட்டை இல்லாவிட்டால் நம் விமான நிலையத்திலேயே பிடித்து உட்காரவைப்பார்கள். மலேரியாவுக்கு டாக்டரிடம் மாத்திரை கேளுங்கள். நீலமும் கறுப்பும் உடுத்த வேண்டாம், ட்செட்செ ஈ அந்த நிறத்தைத் தேடி வரும். ஸ்வெட்டர் கட்டாயம். ந்கோரோங்கோரோ விளிம்பு ஊட்டி உயரம்.

ஆப்பிரிக்காவில் சிங்கம் குறைகிறது, நம் கிர் காட்டிலும் சுற்றிலும் 891 ஆகிவிட்டது. நாம்தானே கெட்டிக்காரர்கள்?
– வாசகர், நாகர்கோவில்

2025 கணக்கெடுப்பு அது. குஜராத்தில் மாடு மேய்க்கிற மால்தாரிகளுக்கும் வனத்துறைக்கும் அந்தப் பெருமை சேரட்டும். ஆப்பிரிக்கா முழுவதும் இன்று இருபதாயிரத்துச் சொச்சம்தான். ஆனாலும் கணக்குக்காரனாக ஒரு கவலை உண்டு. எல்லாப் பணமும் ஒரே பாங்கில் இருக்கிறது.

ந்கோரோங்கோரோ கிண்ணத்தில் 1962-இல் கடிக்கும் ஈ ஒன்று பெருகி, எழுபது போல இருந்த சிங்கங்களைப் பத்தாக்கிவிட்டது. 1994-இல் செரெங்கெட்டியில் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் புகுந்து மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோனது. சுமார் ஆயிரம் சிங்கம். ஓரத்துக் கிராமத்து நாய்களிடமிருந்து வந்தது. அதற்கப்புறம் சிங்கத்தைக் காப்பாற்ற நாய்க்கு ஊசி போட்டார்கள். அதே வைரஸ் 2018-இல் கிரிலும் வந்தது. செரெங்கெட்டி பெரிய இடம், மீண்டுகொண்டது. கிர் சிங்கங்களில் ஒரு பகுதியை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு மாற்றுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் சொன்னது. 2022-இல் குனோவுக்கு நமீபியாவிலிருந்து சீட்டா வந்தது. கிர் சிங்கம் இன்னும் போகவில்லை.

சிங்கத்துக்காக மனிதர்களை வெளியேற்றுகிறார்களாமே? பெயர் வேண்டாம்.
– ஒரு வாசகர்

1959-இல் மசாய்களைச் செரெங்கெட்டியிலிருந்து வெளியேற்றினார்கள். பக்கத்து ந்கோரோங்கோரோவில் மாட்டோடு இருக்கலாம் என்ற வாக்கின் பேரில்தான் நகர்ந்தார்கள். 2022 முதல் அங்கிருந்தும் அறுநூறு கிலோமீட்டர் போல தள்ளி, ஹண்டேனி மாவட்டத்து ம்சொமேராவுக்குக் குடிமாற்றுகிறார்கள். விருப்பப்பட்டுப் போகிறார்கள் என்கிறது அரசு. பள்ளி, ஆஸ்பத்திரி வசதிகளைக் குறைத்தால் விருப்பம் தானாக வரும் என்கிறார்கள் மசாய்கள். அதே வருஷம் ஜூனில், செரெங்கெட்டியை ஒட்டிய லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டருக்கு எல்லைக்கல் நட்டபோது கைகலப்பாகி, காயம்பட்டவர்கள் கென்யாவுக்குள் ஓடினார்கள். கிண்ணத்தின் விளிம்பில் ஹோட்டல்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அதில் எங்களுக்கும் வியாபாரம் இருந்தது, மறைக்கவில்லை.

எங்கள் முகாமின் ராக்காவலர் ஒரு மசாய்ப் பெரியவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் ‘ம்ஸே’ என்றுதான் கூப்பிடுவேன், நம்மூர் ‘பெரியவரே’ மாதிரி. ராத்திரி டார்ச்சோடு விருந்தாளிகளைக் கூடாரம் வரை கொண்டுவிடுவார். விடியற்காலையில் சிங்கம் எந்தப் பக்கம் போனது என்று மண்ணைப் பார்த்துக் கை காட்டுவார். விருந்தாளிகள் படம் எடுத்துக்கொண்டு வந்து அவருக்குக் கை கொடுப்பார்கள்.

ஒரு தடவை லீவில் போனவர் நாலு நாள் தாமதமாக வந்தார். போமாவில் சிங்கம் புகுந்து இரண்டு பசு போய்விட்டது, ஒன்று கறவை. அரசாங்கத்தில் இதற்கு ஒரு தொகை உண்டு. ‘கிஃபுட்டா ஜாஷோ’, வியர்வை துடைக்க என்று பெயர். இழப்பீடு என்றுகூடப் பெயர் வைக்கவில்லை. அதற்கு மனு எழுதிக்கொடுத்தேன். அது வருகிறபோது வரட்டும், இப்போது ஒரு கறவை வாங்க முன்பணம் வேண்டும் என்று நின்றார். இரண்டரை மாசச் சம்பளம். கம்பெனி லெட்ஜரில் மருத்துவம், பள்ளிக் கட்டணம், இழவு என்று மூன்று தலைப்பில்தான் முன்பணம் கொடுக்கலாம். மாட்டுக்குத் தலைப்பு இல்லை.

‘இழவு’ என்று எழுதிக் கொடுத்தேன். வருஷக் கடைசியில் ஆடிட்டர் கேட்டார், யார் செத்தது என்று. நான் பதில் சொல்வதற்குள் வெளியே நின்றிருந்த ம்ஸே உள்ளே எட்டிப் பார்த்து, இரண்டு பசுக்களின் பெயரையும் நிறத்தையும் சொன்னார். ஆடிட்டரும் அந்த ஊர்க்காரர்தான். டிக் போட்டார்.